பாறையை உடைத்தவர்களின் பிள்ளைகள் பாறையைப் படிக்க வேண்டும்

காரை, குளக்காநத்தம், கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு, நினியூர். நமக்கு இவை பேருந்துப் பலகையில் பார்த்த ஊர்ப்பெயர்கள். பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர், கூலிக்குப் போன ஊர். ஆனால் உலகெங்கும் நிலவியல் படிக்கிறவர்களுக்கு இவை பாறை அடுக்குகளின் பெயர்கள். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நம் அரியலூர், பெரம்பலூர் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலில் படிந்த வண்டலும் சுண்ணாம்பும் இறுகி அடுக்கடுக்காகப் பாறையாயின. ஓர் அடுக்கு எந்த ஊரில் நன்றாக வெளியே தெரிகிறதோ அந்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது நிலவியலாளர்களின் வழக்கம். அப்படித்தான் நம் ஊர்ப்பெயர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் புத்தகங்களுக்குள் போய்ச் சேர்ந்தன.

1862-ல் பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேய நிலவியலாளர் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். 1940-ல் எம்.எஸ்.கிருஷ்ணன் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர் அவர். 1987-ல் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று ஒரு பெரிய விலங்குக்குப் பெயர் வைத்தார்கள். உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக அது இருந்திருக்கலாம் என்று இன்றும் விவாதம் நடக்கிறது. அந்த எலும்புகளோ பாதுகாக்க முடியாமல் சிதைந்துபோயின.

இவ்வளவு பெயர் பெற்ற ஊர்களின் சேரிகளில் இருந்து நிலவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர்? இயக்க வேலையாகப் போகிற இடத்தில் எல்லாம் இதைக் கேட்டு வருகிறேன். பி.எட். முடித்த பிள்ளையைக் காட்டுகிறார்கள். பொறியியல் முடித்துவிட்டுத் திருப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளையைச் சொல்கிறார்கள். செவிலியர் படித்த மகளைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். நிலவியல் என்றதும், “அது என்ன படிப்புங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள்.

கிணறு வெட்டியது நம் தாத்தா. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி வேலை செய்தது நம் அப்பா. குவாரியில் சம்மட்டி பிடித்தது நம் அம்மாவும்தான். பூமியைத் தோண்டும் வேலை முழுவதும் நம்மிடம் இருந்தது. பூமியைப் பற்றி எழுதும் வேலை, அதன் கீழ் கையெழுத்துப் போடும் வேலை மட்டும் நம்மிடம் வரவில்லை. அந்தக் கையெழுத்து நம் பிள்ளைகளின் கைக்கும் வர வேண்டும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்தது.

பெயரிலேயே ஒரு குழப்பம்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளியில் நாம் படித்த புவியியல் என்பது ‘ஜியாகிரபி’. மலை, ஆறு, மழை, பயிர், மக்கள்தொகை, வரைபடம் பற்றியது. நான் சொல்வது ‘ஜியாலஜி’. பூமி எதனால் ஆனது, பாறை எப்படி உருவாகிறது, கனிமம் எங்கே சேர்கிறது, நிலத்தடி நீர் எந்த வழியாக ஓடுகிறது, நிலநடுக்கம் ஏன் வருகிறது என்று ஆராயும் படிப்பு. தமிழில் நிலவியல் என்றும் புவியமைப்பியல் என்றும் சொல்கிறோம்.

ஆனால் குவாரிகளுக்குப் பொறுப்பான அரசுத் துறையின் பெயர்ப்பலகையில் ‘புவியியல் மற்றும் சுரங்கத்துறை’ என்றுதான் எழுதியிருக்கும். பள்ளியில் ஒரு பாடத்துக்கு வைத்த அதே பெயரை அரசு வேறொரு படிப்புக்கு வைத்திருக்கிறது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இதை விளக்க வீட்டிலேயே ஆள் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளை ‘அது வரலாறு குரூப் எடுத்தவங்களுக்கு’ என்று கடந்து போய்விடும். மேல்நிலை வகுப்பில் நிலவியல் தனிப்பாடமாக இல்லாததால் ஆசிரியர் வழியாகத் தெரிந்துகொள்ளவும் வாய்ப்பு குறைவு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு படித்தவர்கள் இளநிலை நிலவியலில் சேரலாம் என்ற எளிய செய்திகூட நம் தெருவுக்குள் வருவதில்லை.

நமக்கு அன்னியமான அறிவா இது? தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும்தான். அது ஏட்டில் உள்ளது. ஏட்டில் ஏறாத அறிவு இன்னொன்று நம் பெரியவர்களிடம் இருந்தது. கிணறு வெட்டுகிறவர் மேல்மண் தாண்டியதும் ‘சுக்கான் வந்திருச்சு’ என்பார். பிறகு ஓடைக்கல் என்பார். வெள்ளையாகக் கெட்டியாக நரம்பு ஓடினால் வெங்கச்சங்கல். மினுமினுத்து ஏடு ஏடாகப் பிரிந்தால் காக்காப்பொன். வெங்கச்சங்கல்லைத்தான் கல்லூரியில் குவார்ட்ஸ் என்கிறார்கள். காக்காப்பொன்தான் மைக்கா. எந்த அடுக்கில் நீர் கசியும், எந்த இடத்தில் பக்கச்சுவர் சரியும் என்று தெரியாமல் ஐம்பது அடி ஆழத்தில் உயிரோடு வேலை செய்திருக்க முடியாது. அந்த அறிவுக்குக் கூலி மட்டும் கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை.

யார் கையில் அறிக்கை?

இந்தப் படிப்பு நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணீர். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறைப் பகுதி. அங்கே மேலே சிதைந்த பாறைப் பகுதியிலும், அடியில் உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். வெடிப்பு இல்லாத இடத்தில் எண்ணூறு அடி போட்டாலும் புழுதிதான் வரும். பல ஊர்களில் காலனிக்கு ஒதுக்கப்பட்டது யாருக்கும் வேண்டாத நிலம். பாறைப் புறம்போக்கு, ஏரிக்கரைப் பள்ளம், உவர் மண். ஆழ்துளைக் கிணறு போடும்போது தேங்காயை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறவர் காட்டிய இடத்தில் போடுகிறோம். பொய்த்துப் போனால் காலனிக்கு ராசி இல்லை என்று பேச்சு வருகிறது. மின்தடை ஆய்வு செய்து, வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று வரைபடத்தில் பார்த்து இடம் சொல்லத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருந்தால் ஊராட்சியின் பணமும் மிச்சம், பழியும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல்லையும் எலும்பையும் பாதித்த ஃபுளோரைடு, அங்கே உள்ள பாறைகளின் கனிமங்களில் இருந்து தண்ணீரில் கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். நம் தெருக்குழாயில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்கே முதலில் அது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, குவாரியும் சுரங்கமும். ஒரு சுரங்கம் தொடங்க ‘சுரங்கத் திட்டம்’ என்ற ஆவணம் வேண்டும். எவ்வளவு ஆழம் தோண்டுவது, எத்தனை ஆண்டு, மண்ணை எங்கே கொட்டுவது, தோண்டி முடித்த பள்ளத்தை என்ன செய்வது என்று அதில் இருக்கும். அதைத் தயாரிக்கச் சட்டப்படி தகுதி பெற்றவர்கள் சுரங்கப் பொறியியல் பட்டமோ நிலவியலில் முதுநிலைப் பட்டமோ பெற்று, ஐந்தாண்டு அனுபவமும் உள்ளவர்கள்தான். கல்குவாரியைப் பார்வையிட்டு அறிக்கை தரும் மாவட்ட அதிகாரியும் நிலவியல் படித்தவர்தான். குவாரியில் வெடி வைக்கும்போது சுவர் விரிசல் விடுவது நம் வீட்டில். தூசியைச் சுவாசித்து நெஞ்சு இறுகிப் போவது நம் ஆட்களுக்கு. ஆவணம் எழுதும் மேசையில் மட்டும் நாம் இல்லை.

மூன்றாவது, கருத்துக் கேட்புக் கூட்டம். 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பெரிய சுரங்கங்களுக்கு அனுமதி தரும் முன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது. அறிக்கையின் சுருக்கம் தமிழில் தரப்படும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அப்படி ஒரு கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். காலனிப் பெண்கள் எழுந்து, “எங்க கெணத்துல தண்ணி எறங்கிப் போச்சு” என்றார்கள். நிறுவனத்தின் ஆலோசகர் ஒரு பக்கத்தைப் புரட்டி, நிலத்தடி நீருக்குப் பாதிப்பு இல்லை என்று ஆய்வு சொல்கிறது என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது.

அந்த இடத்தில் நிலவியல் படித்த ஒரே ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்ன கேட்டிருக்கும்? எந்த மாதத்தில் அளந்தீர்கள், மழை முடிந்த ஜனவரியிலா, வறண்ட மே மாதத்திலா? எத்தனை கிணறுகளை அளந்தீர்கள், அவை பள்ளத்துக்கு மேட்டுப்பக்கம் உள்ளவையா, தாழ்வுப்பக்கம் உள்ளவையா? பள்ளத்தின் அடிமட்டம் நீர்மட்டத்துக்குக் கீழே போகிறதா? அப்படிப் போனால் பள்ளத்தில் ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள நீர்மட்டம் பள்ளத்தை நோக்கிச் சரிந்துகொண்டே வரும். அந்தச் சரிவு காலனிக் கிணறு வரை எட்டுமா, எட்டாதா? முதுநிலை மாணவர் இரண்டாவது பருவத்திலேயே படிக்கிற செய்தி இது. இந்தக் கேள்விகளுக்குக் கூட்டக் குறிப்பில் பதில் எழுதியாக வேண்டும். கண்ணீருக்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

2023-ல் டெல்டாவின் நிலக்கரித் தொகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தபோது நம் மாவட்டத்தின் மைக்கேல்பட்டியும் அதில் இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு அந்தப் பெயர் நீக்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்குச் செய்தி தெரிந்தது பத்திரிகை வழியாக. ஆனால் அந்த மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது நிலவியலாளர்களுக்கு வெகு காலமாகத் தெரியும். நாட்டின் நிலவியல் வரைபடங்கள் ‘பூகோஷ்’ என்ற அரசு இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன. ஒளித்து வைக்கப்படாத தகவல்தான். அதை வாசிக்கும் கண் நம்மிடம் இல்லை.

பஞ்சமி நிலத்தையும் இங்கே நினைத்துப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் கொடுத்த அறிக்கையின் பயனாக 1892-ல் நமக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்கிறார்கள். அதை மீட்கும் போராட்டத்தில் 1994-ல் காரணையில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச்சூட்டுக்குப் பலியானார்கள். நாம் மேல்மண்ணுக்காகப் போராடிக்கொண்டிருக்கும்போதே, அடியில் கிடக்கும் கல்லுக்கும் ஜல்லிக்கும் வேறு யாரோ விலை பேசுகிறார்கள். நிலத்தை மீட்கிற இயக்கத்துக்கு, நிலத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆளும் தேவை.

அம்பேத்கர் கேட்டது

இது புதிதாக நான் கண்டுபிடித்துச் சொல்லும் யோசனை இல்லை. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் 1942 அக்டோபரில் லின்லித்கோ பிரபுவுக்கு ஒரு கோரிக்கை மனு கொடுத்தார். நம் மக்களுக்குக் கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் பெரிய பலன் தராது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி வேண்டும், அதற்கான செலவை ஏழைக் குடும்பங்கள் தாங்க முடியாது, அரசுதான் தர வேண்டும் என்று அதில் வாதிட்டார். இன்று நம் பிள்ளைகள் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-ல் தொடங்கியது அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான். 1943 டிசம்பரில் ஜாரியா நிலக்கரி வயலுக்கு நேரில் போய்ச் சுரங்கத்துக்குள் இறங்கித் தொழிலாளர்களைப் பார்த்தவரும் அவர்தான்.

உதவித்தொகையை நாம் வாங்கிக்கொண்டோம். எதற்காகக் கேட்டார் என்பதைப் பாதி மறந்துவிட்டோம். தமிழில் முதுகலை படித்தவர் எழுதும் பத்தி இது. கலைப் படிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நமக்குக் கவிஞர்கள் வேண்டும், வழக்கறிஞர்கள் வேண்டும், ஆசிரியர்கள் வேண்டும். அவர்கள் இன்று ஓரளவு இருக்கிறார்கள். நிலவியலாளர், நிலத்தடி நீர் அறிஞர், சுரங்கப் பொறியாளர் எங்கே இருக்கிறார்கள்?

எங்கே படிப்பது, என்ன வேலை?

மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி ஆகியவற்றில் நிலவியல் துறைகள் உள்ளன. முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வுத் துறை இருக்கிறது. இளநிலை முடித்தவர்கள் ‘ஜாம்’ என்ற நுழைவுத் தேர்வில் நிலவியல் தாளை எழுதி கரக்பூர், மும்பை, ரூர்க்கி, தன்பாத் ஐ.ஐ.டி.களில் முதுநிலையில் சேரலாம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் அதில் விண்ணப்பக் கட்டணம் குறைவு.

முதுநிலை முடித்தவர்களுக்கு மத்தியத் தேர்வாணையம் ஆண்டுதோறும் ‘ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு’ நடத்துகிறது. 1851-ல் தொடங்கப்பட்ட இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திலும், மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலும் ‘ஏ’ பிரிவு அதிகாரி ஆவதற்கான வழி அது. முதல்நிலைக்கு 400 மதிப்பெண், முதன்மைத் தேர்வுக்கு 600, நேர்காணலுக்கு 200. வயது 21 முதல் 32 வரை, பட்டியல் சாதியினருக்கு ஐந்தாண்டு தளர்வு. விண்ணப்பக் கட்டணம் நமக்குக் கிடையாது. 15 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் செப்டம்பரில் அறிவிப்பு வரும். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு லட்சக்கணக்கில் முட்டி மோதுகிறோம். அதே ஆணையம் நடத்தும் இந்தத் தேர்வுக்கு நிலவியலும் அதைச் சார்ந்த சில பாடங்களும் படித்தவர்கள் மட்டுமே வர முடியும் என்பதால் போட்டியாளர் எண்ணிக்கை மிகவும் குறைவு.

மாநில அளவில் டி.என்.பி.எஸ்.சி. உதவிப் புவியியலாளர் பணிக்குத் தேர்வு நடத்துகிறது. மாநில அரசில் நமக்கு 18 சதவீதம், அதில் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு. ஓ.என்.ஜி.சி., கோல் இந்தியா போன்ற பொதுத்துறை நிறுவனங்களும், யுரேனியம் தேடும் அணு கனிம இயக்குநரகமும் நிலவியலாளர்களை எடுக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு ஒரு சேதி: சுரங்கத்துக்குள் பெண்கள் வேலை செய்ய 1952 சுரங்கச் சட்டம் போட்டிருந்த தடை 2019-ல் தளர்த்தப்பட்டுவிட்டது.

தடுக்கும் கற்கள்

வழி இருக்கிறது என்றால் நம் பிள்ளைகள் ஏன் போகவில்லை? தெரியாமை ஒரு காரணம். அது மட்டும் இல்லை.

நிலவியல் வகுப்பறைக்குள் முடிகிற படிப்பு கிடையாது. ஆண்டுதோறும் களப்பயணம் போக வேண்டும். பல நாட்கள் வெளியூரில் தங்கி, பாறை பாறையாக நடந்து வரைபடம் வரைய வேண்டும். சுத்தியல், கைலென்ஸ், திசைகாட்டி, நல்ல காலணி, பயணச் செலவு, தங்கும் செலவு. உதவித்தொகை பல சமயம் படிப்பாண்டு முடியும்போதுதான் கணக்கில் ஏறுகிறது. களப்பயணத்துக்கு இந்த வாரமே பணம் கட்ட வேண்டும். கடன் வாங்கியாவது கட்டுகிற குடும்பம் உண்டு. ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லிவிட்டுப் பயணத்தைத் தவிர்க்கும் பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளையின் மதிப்பெண் அங்கேயே குறைந்துவிடுகிறது.

களத்தில் சாதியும் கூடவே வருகிறது. முதுநிலை படித்த ஒரு தங்கை என்னிடம் சொன்னார். பாறை மாதிரி எடுக்க ஒரு வயல்காட்டுக்குள் நுழைந்திருக்கிறார். நிலத்துக்காரர் உடன் வந்த மற்ற மாணவர்களிடம் கல்லூரிப் பெயரைக் கேட்டார். இவரிடம் மட்டும் ஊரைக் கேட்டு, பிறகு தெருவைக் கேட்டார். மறுநாளில் இருந்து அந்தப் பெண் களக்குறிப்பை அறையில் உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்று குழுவில் ஒதுங்கிக்கொண்டார். கையில் சுத்தியலும் அரசு வரைபடமும் இருந்தாலும் நம் பிள்ளை எல்லா நிலத்துக்குள்ளும் ஒரே மாதிரி நடந்துவிட முடியாது. இதை எந்தப் பாடத்திட்டமும் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது ஆங்கிலம். மத்தியத் தேர்வாணையத்தின் இந்தத் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் ஆண்டிலேயே சொற்கள் மலைபோல் நிற்கும். நல்ல தமிழ் நிலவியல் நூல்கள் கையில் கிடைத்தால் பொருளைத் தமிழில் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிவிடும்.

கடைசி நேரப் பணம் என்பது எவ்வளவு கொடுமையானது என்பதற்கு நாடறிந்த ஒரு சான்று இருக்கிறது. 1926-ல் சுரங்கப் பள்ளியாகத் தொடங்கி இன்று ஐ.ஐ.டி.யாக இருக்கும் தன்பாத் நிறுவனத்தில், உத்தரப்பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு 2024-ல் பொறியியல் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாததால் அந்த இடம் போனது. தலித் மாணவர் அவர். உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 செப்டம்பர் 30 அன்று சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி நீதிமன்றம் இடத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்ட பிறகுதான் கல்லூரிக்குள் போக முடிந்தது. உச்ச நீதிமன்றம் வரை போக முடியாத பிள்ளைகள் எத்தனை பேர் பேசாமல் ஊர் திரும்பியிருப்பார்கள்?

ஒரு மறுப்பும் அதற்குப் பதிலும்

இயக்கத் தோழர்கள் சிலர் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். “நம்ம புள்ள படிச்சுட்டு கம்பெனிக்குத்தானே வேலைக்குப் போகும்? நம்ம ஊர்லயே குவாரி வைக்க அறிக்கை எழுதும்” என்கிறார்கள். எழுதலாம்தான். பட்டம் வாங்கியவர் எல்லாம் மக்கள் பக்கம் நிற்பார் என்று நானும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நம் வழக்கறிஞர்கள் எல்லோருமா வன்கொடுமை வழக்கை எடுக்கிறார்கள்? சிலர் எடுக்கிறார்கள். அந்தச் சிலர் வருவதற்கு முன் நாம் நீதிமன்ற வாசலில் யார் யாரிடம் கெஞ்சிக்கொண்டு நின்றோம் என்பதை மறந்துவிட வேண்டாம். பத்துப் பேர் நிலவியல் படித்தால் ஒருவர் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வருவார். அந்த ஒருவர் இன்று இல்லை.

இன்னொன்றும் சொல்கிறார்கள்: படிப்பு சாதியை ஒழிக்குமா? ஒழிக்காது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்ததை எந்த நிலவியல் பட்டமும் தடுத்திருக்காது. அதற்குப் போராட்டம்தான் வழி. ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அது ஏன் குறைகிறது, யார் உறிஞ்சுகிறார்கள் என்ற கேள்விகளுக்குப் போராட்டத்தோடு கணக்கும் வேண்டும். கணக்கு தெரிந்தவர் பக்கத்தில் நின்றால் முழக்கம் வலுப்படும்.

செய்ய வேண்டியவை

மாவட்ட நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை. 2015-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டத்தின்படி சுரங்க நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையோடு சேர்த்து மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் ஒரு பங்கு செலுத்த வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காகச் செலவிட வேண்டிய பணம் அது. குடிநீர், சுகாதாரத்தோடு கல்வியும் அதன் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அதில் இருந்து, சுரங்கப் பகுதிச் சேரிகளின் பிள்ளைகள் நிலவியல் படிக்கக் களப்பயணச் செலவையும் கருவிகளையும் முன்கூட்டியே கொடுங்கள். நம் காலடிக் கல்லை விற்ற பணத்தில் நம் பிள்ளை கல்லைப் படிக்கக் கேட்பது நியாயமான கேள்விதான்.

ஆதிதிராவிடர் நலத்துறைக்கு: மாநில அரசு முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. வெளிநாட்டு உயர்கல்விக்கும் உதவி இருக்கிறது. புவி அறிவியல் மாணவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். விடுதிகளில் புவி அறிவியலாளர் தேர்வுக்குத் தனிப்பயிற்சி தொடங்குங்கள். பல்கலைக்கழகங்களுக்கு: களப்பயணத்தில் நம் பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். யாருடைய நிலத்துக்குள் போனாலும் பேராசிரியர் முன்னால் நடக்கட்டும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு: வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். காரையின் ஓடைகளையும் சாத்தனூர்க் கல்மரத்தையும் காட்டுங்கள். புதைபடிவங்களைப் பொறுக்கி விற்கிறவர்களிடம் இருந்து அவற்றைக் காப்பாற்றும் பொறுப்பும் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

பெற்றோர்களுக்கு: ‘கல்லு மண்ணு படிச்சு என்ன ஆகப்போவுது, நாங்க பட்டது போதாதா’ என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் பட்ட பாட்டின் காரணம் கல் இல்லை. கல்லின் விலையும் அளவும் உங்களுக்குத் தெரியாமல் வைத்திருந்ததுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் தம்பி தங்கைகளே, கல்லூரி விண்ணப்பத்தில் பாடப்பிரிவைக் குறிக்கும்போது நிலவியல் என்ற பெயரையும் தேடிப் பாருங்கள். அந்தப் பாடம் உள்ள கல்லூரி எது, விடுதி இருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் இந்தப் பத்தியை ஒட்டி வையுங்கள். அடுத்த கருத்துக் கேட்புக் கூட்டம் நம் மாவட்டத்தில் எப்போது நடக்கும் என்று தெரியாது. நடக்கும்போது, அந்த ஆங்கில அறிக்கையின் நீரியல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க நம் தெருவில் ஓர் ஆள் எழுந்து நிற்க வேண்டும்.